முப்பதாயிரம் ரூபாயில் முதலில் எதை வாங்குவது?

கேள்வி: அண்ணா, எனக்குக் காங்கேயம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். தினமும் வண்டியில்தான் போய் வருகிறேன். இப்போதுதான் 350 சிசி வண்டி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு வால்பாறை, கொல்லிமலை என்று போய்வர ஆசை. போனஸில் 30,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடையில் கேட்டால் கிராஷ் கார்டு, ஃபாக் லைட், டாப் பாக்ஸ், உயரமான விண்ட்ஷீல்டு, மொபைல் ஹோல்டர், வேறு சைலன்ஸர் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். அதிலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. ரைடிங் ஜாக்கெட் வாங்கலாமா என்றால், "நம்ம ஊர் வெயிலுக்கு அது ஆகாது" என்கிறார்கள் நண்பர்கள். வண்டியோடு கொடுத்த ஹெல்மெட் ஒன்று இருக்கிறது. எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

கடைக்காரர் எழுதிக் கொடுத்தது எல்லாமே வண்டிக்கு. ஓட்டுகிற உங்களுக்கு என்று அதில் ஒன்றும் இல்லை, பின்னால் உட்கார்ந்து வரப்போகிற உங்கள் மனைவிக்கும் ஒன்றும் இல்லை. முதலில் இதை மாற்றுவோம். 30,000 ரூபாய் நல்ல தொகை. யோசித்துப் பிரித்தால் தலையிலிருந்து கால் வரைக்கும் வேண்டியதை வாங்கிவிடலாம். பட்டியலில் இருப்பதில் பெரும்பாலானதை இந்த வருஷம் தொடவே வேண்டாம்.

நான் கோவையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன், வார இறுதியில் வண்டி ஓட்டப் பயிற்சியும் கொடுக்கிறேன். கீழே விழுந்த வண்டி பட்டறைக்கு வந்தால் அது எப்படி விழுந்தது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். ஹேண்டில் பார் முனை தேய்ந்திருக்கும், லீவர் மடங்கியிருக்கும், ஃபுட்ரெஸ்ட் வளைந்திருக்கும், சைலன்ஸரில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருக்கும். லீவருக்குப் பக்கத்தில் இருந்தது ஓட்டியவரின் கை. ஃபுட்ரெஸ்டுக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய கணுக்கால். லீவரை நான் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவேன். மணிக்கட்டு எலும்பு கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை நீங்கள் கம்பெனிக்கும் போக முடியாது. எனவே எது தரையில் முதலில் படுகிறதோ அந்த வரிசையில் பணத்தைப் போடுங்கள்.

ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிப்போம். பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து 2008இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, ஹெல்மெட் போட்டவர்களுக்கு விபத்தில் உயிர் போகும் அபாயம் 42 சதவீதமும் தலைக்காயம் படும் அபாயம் 69 சதவீதமும் குறைகிறது. கடைக்காரர் பட்டியலில் உள்ள எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு கணக்குக் காட்ட முடியாது. உங்களுக்கு வண்டியோடு கொடுத்தது, தலையை அளந்து பார்த்துக் கொடுத்ததாக இருக்காது. அதை வீட்டில் வைத்துவிடுங்கள். முகவாயையும் மூடுகிற முழு ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று மனைவிக்கு. பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். அதைவிட முக்கியமாக, விழுகிற நேரத்தில் பிடித்துக்கொள்ள ஹேண்டில் உங்கள் கையில் இருக்கும், அவர் கையில் ஒன்றும் இருக்காது.

பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் 4151 என்ற எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசாங்கச் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் அது எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனாலும் ரோட்டோரத்தில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய ஹெல்மெட் இன்றைக்கும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் பக்கம் போகாதீர்கள். ஐஎஸ்ஐயோடு ஈசிஈ 22.06 என்ற ஐரோப்பியத் தரமும் இருந்தால் இன்னும் நல்லது. தலை நேராக மோதாமல் சாய்வாக மோதிச் சுழலும்போது என்ன ஆகிறது என்பதையும் அந்தத் தரத்தில் சோதிக்கிறார்கள். இரண்டு முத்திரையும் உள்ளது 5,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கிற பணம் பெரும்பாலும் எடை குறைவதற்கும், காற்றுச் சத்தம் குறைவதற்கும், பெயின்டுக்கும் போகிறது.

அளவுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். தையல்காரர் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளந்து, அந்தக் கம்பெனியின் அளவு அட்டையோடு ஒப்பிடுங்கள். புது ஹெல்மெட் கன்னத்தை நன்றாக அழுத்த வேண்டும். பேசினால் கன்னத்தின் உள்பக்கம் பல்லில் படுகிற மாதிரி இருந்தால் சரி, போகப் போக இளகிவிடும். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அது உங்கள் தலைக்கான வடிவம் இல்லை, வேறு மாடல் பாருங்கள். ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் வாங்க வேண்டாம். கடையில் கால் மணி நேரமாவது போட்டுக்கொண்டு நில்லுங்கள், கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் மனைவி கொண்டை போட்டிருந்தால் ஹெல்மெட் தலையில் இறங்காமல் மேலேயே நிற்கும். கழுத்தோடு தாழ்வாகப் பின்னல் போட்டு அளவு பார்க்கச் சொல்லுங்கள், பயணத்தின்போதும் அப்படியேதான் போட வேண்டும்.

வைசர் கண்ணாடி போலத் தெளிந்ததாக இருக்கட்டும். கறுப்பு வைசர் பகலில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் ஷிப்மென்ட் முடிந்து வீடு திரும்புகிற நேரம் இருட்டு. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கித் தன் வேலையை முடித்திருக்கும். பெட்ரோல் பட்டால் அந்தத் தெர்மாகோல் கரையும், அதனால் டேங்க் மேல் கவிழ்த்து வைக்காதீர்கள். கண்ணாடியில் மாட்டி வைத்தாலும் உள்பக்கம் குழி விழும்.

அடுத்தது கிளவுஸ். விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவோம். அதை யோசித்துச் செய்வதில்லை, தானாக நடக்கும். விரல் முட்டியில் பெரிய பிளாஸ்டிக் ஒட்டி, உள்ளங்கையில் வெறும் மெல்லிய துணி வைத்த கிளவுஸ் நிறைய விற்கிறது. நீங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பாகத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வழுக்கிப் போகிற ஒரு கெட்டியான பிளாஸ்டிக் துண்டு இருக்க வேண்டும். கை தரையில் ஊன்றி அப்படியே நின்றுவிட்டால் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும், வழுக்கினால் தப்பிக்கும். மணிக்கட்டு ஸ்ட்ராப்பை இறுக்கிவிட்டு விரல் நுனியைப் பிடித்து இழுங்கள், கழன்று வரக் கூடாது. 2,000 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும்.

கால். நம் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் செருப்பில்தான் ஓட்டுகிறார்கள், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ரைடிங் பூட்ஸ் 8,000 ரூபாய்க்கு மேல் போகும், இப்போது அதற்கு உங்களிடம் இடமில்லை. அதுவரைக்கும் கணுக்கால் எலும்பை மூடுகிற உயரமான தோல் ஷூ, 2,500 ரூபாயை ஒட்டி ஒன்று வாங்குங்கள். லேஸ் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். கியர் லீவரிலோ ஃபுட்ரெஸ்டிலோ லேஸ் மாட்டி, சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் நின்ற இடத்திலேயே வண்டியோடு சாய்ந்தவர்கள் நிறைய.

இனி உங்கள் நண்பர்கள் சொன்ன விஷயம். வெயிலுக்கு ஜாக்கெட் ஆகாது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கடைகளில் பார்க்கிற கறுப்பு, தடித்த, மழை தாங்குகிற ஜாக்கெட் சித்திரை மாதத்தில் திருப்பூர் சிக்னலில் நிஜமாகவே ஆகாது. உங்களுக்கு வேண்டியது மெஷ் ஜாக்கெட். முன்பக்கமும் கையும் வலை மாதிரித் துணி, காற்று உள்ளே புகுந்து முதுகு வழியாக வெளியேறும். தோளிலும் முழங்கையிலும் மட்டும் கெட்டித் துணியும் பாதுகாப்புப் பட்டையும் இருக்கும். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்வரை சட்டையை விட மோசமாக இருக்காது. நின்றால் வேர்க்கும், அது உண்மைதான்.

நம் பக்கத்து வெயில் ஈரப்பதம் குறைந்த வெயில் என்பது நமக்கு ஒரு சௌகரியம். சென்னைக்காரர்களுக்கு இது கிடையாது. உள்ளே போடுகிற பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு மேலே மெஷ் ஜாக்கெட்டை மாட்டுங்கள். காற்றுப் பட்டு ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிரும். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போய்ச் சேர்வதற்குள் காய்ந்தும் விடும். நனைக்காத நாளில் வேர்வையை உறிஞ்சி உடனே காய்கிற பாலியெஸ்டர் டீ-சர்ட் நல்லது. அதை எங்கே வாங்குவது என்று திருப்பூரில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது டிகிரியைத் தொடுகிற மதியத்தில் அரைக்கைச் சட்டையோடு ஓட்டினால் சூடான காற்று நேராகத் தோலில் அடித்து உடம்பை வற்ற வைத்துவிடும். மூடிக்கொண்டு போவது அந்த வகையிலும் நல்லதுதான்.

வாங்கும்போது உள்ளே தைத்திருக்கிற லேபிளைப் படியுங்கள். இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏ, ஏஏ, ஏஏஏ என்று படிகள் உண்டு. ஏஏஏதான் அதிகம் தாங்கும், ஆனால் கனமும் சூடும் அதிகம். உங்கள் உபயோகத்துக்கு ஏஏ கிடைத்தால் சந்தோஷம், மெஷ்ஷில் ஏ இருந்தாலும் போதும். தோள், முழங்கைப் பட்டையைக் கழற்றிப் பார்க்கலாம். அதில் இஎன் 1621-1 என்றும் லெவல் 1 அல்லது 2 என்றும் அச்சடித்திருக்கும். லெவல் 2 கேளுங்கள், அதே அடியை வாங்கிக்கொண்டு உங்கள் எலும்புக்குக் குறைவாகக் கடத்தும். அதே பட்டையில் டி+ (ஆங்கிலத்தில் T+) என்று இருக்கிறதா பாருங்கள். இந்த மாதிரி மெத்துப் பட்டைகள் சூட்டில் இளகும். 40 டிகிரியில் வைத்துச் சோதித்துத் தேறியவற்றுக்கு மட்டும்தான் அந்தக் குறி. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெயில் அடிக்கிற அடிக்கு நம்மவர்கள் தேட வேண்டிய குறி இது. விற்பவர்களில் பலரும் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வெறும் ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள். பார்க்க மொத்தமாக இருக்கும், அடியைத் தாங்காது. இஎன் 1621-2 என்று அச்சடித்த முதுகுப் பட்டை தனியாக 1,500 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், அதை வாங்கிச் செருகிவிடுங்கள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் உங்கள் வண்டி மேல் உட்கார்ந்து பாருங்கள். கையை நீட்டி ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கைப் பட்டை முழங்கையிலேயே இருக்க வேண்டும், பக்கவாட்டில் சுற்றிக்கொண்டால் அளவு பெரிது. முழங்காலுக்குத் தனியாகக் கட்டுகிற நீ கார்டு ஒரு ஜோடி 2,000 ரூபாயில் வரும். பேன்ட்டுக்கு மேல் கட்டிக்கொண்டு போய் ஆபீசில் கழற்றி வைத்துவிடலாம்.

இப்போது காற்று. டாப் பாக்ஸையும் உயரமான விண்ட்ஷீல்டையும் நான் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் அடித்து நொறுக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நீங்கள் வால்பாறைக்குத் தாராபுரம், உடுமலை வழியாகப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தாராபுரம் வரைக்கும் தெற்கே போகிறீர்கள், காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும். எதிரே ஒரு பஸ் உங்களைக் கடக்கிற நொடியில் அந்தக் காற்று சட்டென்று நிற்கும், பஸ் தாண்டியதும் மொத்தமாகத் திரும்ப அடிக்கும். திரும்பி வரும்போது இன்னும் கவனம் தேவை. காற்று இடது பக்கம். ஒரு லாரியை முந்தும்போது லாரி காற்றை மறைத்துக்கொண்டிருக்கும், அதன் முன்பக்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று உங்களை வலது பக்கம், எதிர் வண்டிகள் வருகிற பக்கம் தள்ளும். இப்படித் தள்ளுகிற காற்றுக்கு உயரத்தில் இருக்கிற பெட்டியும் விண்ட்ஷீல்டும் பாய் விரித்துக் கொடுக்கின்றன. போதாததற்கு டாப் பாக்ஸின் பாரம் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் முன்சக்கரத்தில் பிடிப்புக் குறையும். அந்த மாதங்களில் வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டேங்கை இறுக்கி, கையைத் தளர்வாக வைத்து ஓட்டுங்கள். ஒரு நாள் பயணத்துக்கான சாமான் சீட்டுக்கு மேல் கட்டுகிற சின்னப் பையிலேயே அடங்கும். கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம், கை நழுவினால் கொக்கி கண்ணில்தான் வந்து அடிக்கும். பக்கிள் வைத்த நாடா வாங்குங்கள்.

மழைக்கும் இதே காற்றை நினைத்துத்தான் வாங்க வேண்டும். போர்வை மாதிரி மேலே போடுகிற பாஞ்சோ காற்றில் உப்பி எழும், அதன் ஓரம் செயினிலோ பின்சக்கரத்திலோ மாட்டும். மேலும் கீழுமாக இரண்டு பாகமாக வருகிற ரெயின்கோட்டே சரி.

பட்டியலில் மிச்சம் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராஷ் கார்டு ஒன்றுக்கு மட்டும் நான் சரி சொல்வேன். அதையும் வண்டிக் கம்பெனி உங்கள் மாடலுக்கென்று விற்பதாகப் பார்த்து, பணம் மிஞ்சினால் பின்னால் வாங்குங்கள். நின்ற இடத்தில் சாய்ந்தால் டேங்கையும் இன்ஜினையும் காப்பாற்றும். வெளியில் விற்கிற மெல்லிய பைப் வளைந்து காலை நசுக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஃபாக் லைட் வேண்டாம். வயரிங்கை வெட்டி, ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் இழுத்த லைட்டால் வயர்க் கட்டே கருகி வருகிற வண்டிகள் பட்டறைக்குப் புதிதல்ல, வாரன்டியும் போய்விடும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசினால் அவர் உங்கள் மேல்தான் வருவார். அதற்குப் பதில் ஹெட்லைட்டின் உயரத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வெளிச்சம் மேலே தூக்கிக்கொள்ளும், மனைவியை உட்கார வைத்தே சரிபார்க்க வேண்டும்.

சைலன்ஸர் மாற்றவே மாற்றாதீர்கள். சத்தத்துக்கு அபராதம் ஒரு பக்கம். பிஎஸ்6 என்கிற புகை விதிப்படி வந்த வண்டியில் சைலன்ஸர் பாதையில் ஆக்சிஜன் சென்சாரும், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் உண்டு, அதைக் கலைத்தால் பெட்ரோல் அளவே குழம்பும். மொபைல் ஹோல்டரில் வண்டியின் அதிர்வு நேராகப் போன் கேமராவுக்குப் போகும். ஐபோன் கேமரா இதனால் கெடலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021இல் எச்சரித்தது. வழி கேட்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஒன்று மறந்துவிட்டேன் பாருங்கள், வண்டியில் வந்த சேலைக் கார்டை அழகுக்காகக் கழற்றாதீர்கள். துப்பட்டாவோ முந்தானையோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கணக்குப் போடுவோம். இரண்டு ஹெல்மெட் 10,000. இரண்டு ஜோடி கிளவுஸ் 4,500. உங்கள் ஷூ 2,500. லெவல் 2 பட்டை வைத்த மெஷ் ஜாக்கெட் 7,500. முதுகுப் பட்டை 1,500. நீ கார்டு 2,000. மொத்தம் 28,000. கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும். மிச்சம் 2,000 ரூபாயில் டயர் பிரஷர் கேஜ், பக்கிள் நாடா, ஹெல்மெட்டின் பின்பக்கமும் சாமான் பையிலும் ஒட்ட ரிஃப்ளெக்டர் டேப். கரும்பு ஏற்றிய டிராக்டரும் எம்-சாண்ட் டிப்பரும் ஓடுகிற ரோட்டில் இருட்டில் நீங்கள் தெரிய வேண்டும். பிரஷர் கேஜை அலட்சியமாக நினைக்காதீர்கள். டயர் சூடாகும் முன், காலையில் வீட்டிலேயே பார்க்க வேண்டும். இரண்டு பேர் போகிற நாளில் பின் டயருக்கு எவ்வளவு என்று வண்டியின் புத்தகத்தில் தனியாகப் போட்டிருக்கும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டிக்கும், கொல்லிமலையின் 70 வளைவுக்கும் அந்தக் காற்று அளவு ரொம்ப முக்கியம்.

இந்தக் கணக்கில் உங்கள் மனைவிக்கு ஜாக்கெட் இல்லை, ஷூவும் இல்லை. அது எனக்கும் உறுத்துகிறது. அவரிடம் கணுக்காலை மூடுகிற ஷூ இல்லையென்றால் உங்கள் நீ கார்டைத் தள்ளிப்போட்டு அவருக்கு முதலில் வாங்குங்கள். அடுத்த போனஸில் முதல் செலவு அவருடைய ஜாக்கெட். பெண்களுக்கென்று தனி அளவில் வருகிறது, ஆண்கள் ஜாக்கெட்டில் சின்ன சைஸ் எடுத்தால் தோள் பட்டை இடத்தில் நிற்காது. அதுவரைக்கும் மலைப் பயணத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஹெல்மெட்டையும் கிளவுஸையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். வால்பாறைக்கு எப்போதாவதுதான் போவீர்கள், திருப்பூர் ரோட்டில் தினமும் போகிறீர்கள். ஜாக்கெட்டுக்குக் கோவை வரைக்கும் வந்து இரண்டு மூன்று கடையில் போட்டுப் பார்த்து எடுங்கள், ஆன்லைனில் அளவு பார்த்து வாங்க வேண்டாம். வரும்போது மனைவியையும் கூட்டி வாருங்கள், அவருடைய ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்துப் பார்த்துத்தான் எடுக்க முடியும்.